கேளுங்கள், சொல்கிறோம்: உலக வரலாறும் ஃபிளாஷ் கார்டும்

பொதுத்தேர்வுக்கும் சிவில் சர்வீஸ் மெயின்ஸுக்கும் உலக வரலாறு படிக்கும் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஃபிளாஷ் கார்டை, அதாவது முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதிய அட்டையைப் பற்றியவை. அவற்றில் ஏழுக்கு வரலாறு கற்பிக்கும் எங்கள் குழுவின் பதில்கள் இங்கே.

பிரெஞ்சுப் புரட்சி முதல் சோவியத் யூனியன் சிதறியது வரை அறுநூறு அட்டைக்கு மேல் எழுதிவிட்டேன். புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. மாதிரித் தேர்வில் பேனாவை எடுத்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. இந்த முறையே எனக்கு ஒத்துவராதோ?
(சிவில் சர்வீஸ் தேர்வர், அண்ணா நகர்)

ஒத்துவரும். நீங்கள் அட்டையைப் படிக்கிறீர்கள், அட்டை உங்களைக் கேள்வி கேட்கவில்லை. கோளாறு அங்கேதான். முன்பக்கத்தைப் பார்த்ததும் பின்பக்கத்தைத் திருப்பி, "ஆமாம், தெரியும்" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால், அது பாடப்புத்தகத்தைத் துண்டு துண்டாக வெட்டி வாசிப்பதுதான். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிகேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு வாரம் கழித்தும் நிற்கிற நினைவு. ஆகவே பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகு, அல்லது ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதிய பிறகு மட்டும் அட்டையைத் திருப்புங்கள். பத்து விநாடி யோசித்தும் வரவில்லை என்றால் அது தவறுதான். பாதி வந்தாலும் தவறுதான்.

இரண்டாவது கோளாறு அட்டையின் பருமன். உங்களிடம் "முதல் உலகப் போருக்கான காரணங்கள்?" என்று ஒரு அட்டை இருக்கும், பின்னால் பன்னிரண்டு வரி இருக்கும் என்று ஊகிக்கிறோம். அதில் ஏழு வரி வரும், ஐந்து வராது. "பரவாயில்லை, முக்கால்வாசி வந்துவிட்டது" என்று தள்ளி வைப்பீர்கள். அடுத்த முறையும் அதே ஐந்து வரிதான் விட்டுப்போகும். தேர்வில் கேட்பதும் பெரும்பாலும் அந்த ஐந்திலிருந்துதான். அந்த ஒரே அட்டையை இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

1882இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு கூட்டுச் சேர்ந்த மூன்றாவது நாடு எது? இத்தாலி.

அதே இத்தாலி 1915இல் யார் பக்கம் போரில் இறங்கியது? நேச நாடுகள் பக்கம்.

மன்னராட்சி ரஷ்யாவும் குடியரசு பிரான்ஸும் 1894இல் கைகோத்தது ஏன்? ரஷ்யாவோடு இருந்த ஒப்பந்தத்தை 1890இல் ஜெர்மனி புதுப்பிக்காமல் விட்டது. தனித்து நின்ற இரண்டுக்கும் ஜெர்மனிமேல் அச்சம்.

பிரிட்டன் 1904இல் யாரோடு உடன்பாடு கண்டது? பிரான்ஸோடு. 1907இல்? ரஷ்யாவோடு. (இரண்டும் தனித்தனி அட்டை.)

சரயேவோவில் 1914 ஜூன் 28 அன்று இளவரசர் கொல்லப்பட்டார். ஆஸ்திரியா போர் அறிவித்தது ஜூலை 28. இடைப்பட்ட ஒரு மாதத்தில் ஆஸ்திரியாவுக்குத் துணிச்சல் கொடுத்தது எது? எது வந்தாலும் துணை நிற்போம் என்று ஜூலை முதல் வாரத்தில் ஜெர்மனி தந்த உறுதி.

ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்க உடனடிக் காரணம்? 1839இல் உறுதியளிக்கப்பட்ட பெல்ஜியத்தின் நடுநிலையை ஜெர்மனி மீறியது.

ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரே பதில். இந்த ஏழு அட்டையில் ஒன்று மட்டும் "எந்த நாடு", மூன்று "யார்", மீதி மூன்றும் காரணம் கேட்பவை என்று அமைந்திருப்பதைக் கவனியுங்கள். மெயின்ஸ் பொதுப்பாடம் முதல் தாளின் பாடத்திட்டம் 18ஆம் நூற்றாண்டு முதலான உலக நிகழ்வுகளைத்தான் கேட்கிறது: தொழிற்புரட்சி, உலகப் போர்கள், எல்லைகள் மாற்றி வரையப்பட்டது, குடியேற்ற ஆதிக்கமும் அதன் முடிவும், பொதுவுடைமை, முதலாளித்துவம், சமவுடைமை ஆகியவற்றின் வடிவங்களும் சமூகத்தில் அவற்றின் விளைவும். ஆண்டை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற தாள் அல்ல அது. உங்கள் அட்டைகளில் பாதிக்காவது காரணமோ விளைவோ கேட்கிற கேள்வி இல்லை என்றால், அடுக்கு எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, வரிசை. எப்போதும் 1789 தொடங்கி 1991 வரை வரிசையாகவே புரட்டினால், முந்தைய அட்டையே அடுத்ததற்கு விடை எடுத்துக் கொடுத்துவிடும். தேர்வறையில் அந்த உதவி கிடையாது. சீட்டைக் கலைப்பதுபோல் நன்றாகக் கலைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அறுநூறையும் கிழித்துப் போட வேண்டாம். தொடர்ந்து மூன்று முறை தவறுகிற அட்டையை மட்டும் எடுத்துப் பிரித்து எழுதுங்கள். சில வாரங்களில் அடுக்கு தானாகவே சீராகிவிடும்.

1763, 1783, 1856 மூன்றுமே பாரிஸ் உடன்படிக்கை. எத்தனை தடவை படித்தாலும் எது எதற்கு என்று குழம்புகிறது.
(பிளஸ் டூ மாணவி, வியாசர்பாடி)

குழப்பத்தை உண்டாக்குவது உங்கள் கேள்விதான். "பாரிஸ் உடன்படிக்கை எந்த ஆண்டு?" என்று எழுதினால் அதற்கு மூன்று சரியான விடை உண்டு. 1898இல் ஸ்பெயினும் அமெரிக்காவும் கையெழுத்திட்டதையும் சேர்த்தால் நான்கு. கேள்வியிலேயே வித்தியாசம் தெரிய வேண்டும். "ஏழாண்டுப் போரை முடித்த உடன்படிக்கை?", "அமெரிக்காவின் விடுதலையை பிரிட்டன் ஏற்ற உடன்படிக்கை?", "கிரிமியப் போரை முடித்து, கருங்கடலில் போர்க்கப்பல் கூடாது என்ற உடன்படிக்கை?" என்று எழுதுங்கள்.

மூன்றையும் ஒரே நாளில் படிக்கவும் கூடாது. ஒன்று மனதில் நின்றபின், மூன்று நான்கு நாள் கழித்து அடுத்ததை உள்ளே விடுங்கள். மூன்றும் தனித்தனியாக நின்ற பிறகு, மூன்றையும் ஒப்பிடும் ஒரு அட்டை போதும்.

நம் ஊரோடு முடிச்சுப் போட முடிந்தால் இன்னும் நல்லது. 1763 உடன்படிக்கையால்தான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்கு முந்தைய கதை சென்னையிலேயே இருக்கிறது. 1746இல் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1748 எக்ஸ்-லா-ஷபேல் உடன்படிக்கைப்படி, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபர்க் கோட்டையைத் திருப்பிக் கொடுத்துச் சென்னையை மீட்டார்கள். ஐரோப்பியப் போர் என்றால் என்ன, அது எப்படி உலகம் முழுக்கப் பரவியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு பாடத்தில் கிடைப்பது அரிது. 1914க்கு எம்டன் இருக்கிறது: அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. அதன் நினைவுக் கல்வெட்டை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பார்க்கலாம்.

எல்லா ஆண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 1776, 1789, 1815, 1848, 1871, 1914, 1917, 1919, 1929, 1933, 1939, 1945, 1949, 1989, 1991 ஆகியவை அசையாமல் நின்றால் போதும். மற்றவற்றுக்கு "இதற்கு முன்னா, பின்னா?" என்று கேட்கிற அட்டை எழுதுங்கள். பெர்லின் மாநாடு (1884-85) ஜெர்மனி ஒன்றிணைவதற்கு முன்னா, பின்னா? பின்பு. ஒன்றுபட்ட ஜெர்மனி இல்லாமல் பிஸ்மார்க் அந்த மாநாட்டைக் கூட்டியிருக்க முடியாது என்ற காரணமும் கூடவே மனதில் ஏறிவிடும்.

ரஷ்யப் புரட்சியில் ஒரு கண்ணி இருக்கிறது. அக்டோபர் புரட்சி நம் நாட்காட்டியில் 1917 நவம்பர் 7. ரஷ்யா அப்போது பின்பற்றிய பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது, அதில் அன்று அக்டோபர் 25. பிப்ரவரிப் புரட்சி மார்ச்சில் வருவதும் இதனால்தான். இதற்குத் தனியாக ஒரு அட்டை அவசியம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தினமும் எல்லாவற்றையும் கேட்டால் சலித்துக்கொள்கிறான், விட்டால் மறந்துவிடுகிறான். எதை எப்போது கேட்பது?
(தந்தை, தாம்பரம்)

முதலில் ஒன்று: அட்டையை நீங்கள் எழுதித் தராதீர்கள், சார். பாடத்தில் எது கேள்வியாகும் என்று தேடி எழுதுவதிலேயே பாதிப் படிப்பு நடந்துவிடுகிறது. அதை அவனே செய்யட்டும். கேள்வி கேட்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

நாள் கணக்குக்கு ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய ஐந்து பெட்டி முறையே போதும். ஸ்வீட் பாக்ஸில் நான்கு தடுப்பு வைத்தால் ஐந்து அறை. முதல் அறையைத் தினமும் கேளுங்கள். இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை நான்கு நாளுக்கு, நான்காவதை எட்டு நாளுக்கு, ஐந்தாவதைப் பதினாறு நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை ஓர் அறை முன்னேறும். தவறிய அட்டை எந்த அறையிலிருந்தாலும் நேராக முதல் அறைக்கு. அடுத்து கேட்க வேண்டிய தேதியை அட்டையின் மூலையில் பென்சிலால் குறித்துவிட்டால் கணக்குப் பிசகாது.

உலகப் போர்களை ஒட்டி வருகிற நான்கு பாடத்துக்குப் பாடத்துக்கு 40 என்று 160 அட்டை வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்துப் புதிய அட்டை என்றால் 16 நாளில் எல்லாம் உள்ளே வந்துவிடும். தவறாத அட்டை 1, 3, 7, 15, 31ஆம் நாள்களில் திரும்பி வரும். ஆகவே கடைசியாக எழுதிய அட்டையும் ஐந்து அறையையும் கடக்க ஏழு வாரமாகும். அடுக்கு நிறைந்திருக்கும் நாள்களில் ஏறக்குறைய ஐம்பது அட்டை வரும். ஒன்றுக்குப் பத்து விநாடி என்றால் எட்டு ஒன்பது நிமிடம். தவறியவையும் சேர்ந்தால் கால் மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் புதிய அட்டையைக் குறையுங்கள், கேட்பதைக் குறைக்காதீர்கள்.

பொதுத்தேர்வு மார்ச்சில் வருகிறது என்றால் பொங்கல் விடுமுறைக்குள் எல்லா அட்டையும் எழுதி முடித்திருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்தால் நான்காவது அறையைத் தாண்டுவதற்குள் தேர்வு வந்துவிடும்.

கேட்கும்போது அவன் தயங்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பத்து விநாடித் தவிப்பில்தான் நினைவு இறுகுகிறது. தவறினால் பதிலைக் காட்டி, அவன் வாயாலேயே ஒருமுறை சொல்ல வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திட்டினால் தெரியாததையும் தெரியும் என்று சொல்ல ஆரம்பிப்பான், அப்புறம் அறைக் கணக்குக்கு அர்த்தமே இருக்காது.

எப்படிப்பட்ட அட்டை வாங்குவது? மழைக்காலத்தில் நமத்துப்போய் ஒட்டிக்கொள்கிறது.
(கல்லூரி மாணவி, திருவொற்றியூர்)

250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஐவரி போர்டு என்ற கெட்டித் தாள். ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஒன்று 74க்கு 105 மில்லிமீட்டர், சட்டைப்பையில் அடங்கும். நூறு அட்டைக்குப் 13 தாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருக் கடைகளில் தாள் வாங்கி, பக்கத்தில் கட்டிங் மெஷின் இருக்கிற இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். ஜெல் பேனா வேண்டாம், ஈரக் கை பட்டால் கலையும். பால் பாயின்ட் நல்லது. லேமினேஷனும் வேண்டாம், பிறகு திருத்த முடியாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால் நமக்காது.

வேளச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் பறக்கும் ரயிலில் போய்வருகிறேன். கையில் போன்தான். ஆப்பா, அட்டையா?
(பணியிலிருக்கும் தேர்வர், வேளச்சேரி)

ரயிலில் ஆப். வீட்டில் வரைபட அட்டைக்கும் காரணச் சங்கிலிக்கும் காகிதம். அங்கி என்ற ஆப் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாள் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதில் அடிக்கடி நடக்கும் தவறு, விடையைப் பார்த்தபின் அழுத்த வேண்டிய நான்கு பொத்தானில்தான். விடை மறந்துபோனதும், "கொஞ்சம் ஞாபகம் இருந்ததே" என்று இரண்டாவது பொத்தானை அழுத்துகிறார்கள். அந்தப் பொத்தான் "கஷ்டப்பட்டேன், ஆனால் சரியாகச் சொன்னேன்" என்று பொருள்படும். ஆப் அதைத் தேர்ச்சியாக எடுத்துக்கொண்டு அட்டையை இன்னும் தள்ளிப் போடும். மறந்தால் முதல் பொத்தான் மட்டும். மற்ற மூன்றில் எதை அழுத்துவது என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம், தெரிந்தால் மூன்றாவது.

ஆப் தானாக நாளுக்கு இருபது புதிய அட்டை தரும்படி அமைந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அதிகம், பத்தாக்குங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தால் முந்நூறு அட்டை குவிந்திருக்கும், பதற வேண்டாம். புதியதைச் சுழியமாக்கிவிட்டு, நாளுக்கு அறுபது எழுபது என்று பழையதை மட்டும் தீருங்கள்.

மற்றவர்கள் செய்துவைத்த அடுக்கை இறக்கிக்கொள்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவை அமெரிக்கப் பள்ளிப் பாடத்துக்காகச் செய்தவை. பாண்டுங் மாநாடு (1955), சூயஸ் நெருக்கடி (1956), 1960இல் ஒரே ஆண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றது போன்றவை அவற்றில் ஒரு வரியோடு போய்விடும். நமக்கு அவைதான் முக்கியம்.

எல்லைகள் மாறியதை அட்டையில் எப்படிப் படிப்பது? ஆப்பிரிக்காவைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.
(வாசகர், இராயபுரம்)

அட்டவணையாக எழுதினால் சுற்றத்தான் செய்யும். ஆப்பிரிக்காவின் வெளிக்கோட்டை டிரேசிங் பேப்பரில் எடுத்து, அட்டை அளவுக்குச் சுருக்கி ஆறு நகல் போடுங்கள். ஓர் அட்டைக்கு ஐந்து எண் மட்டும், விடை பின்பக்கம். முதல் அட்டை பிரெஞ்சு மேற்கு, இரண்டாவது பிரிட்டனின் எகிப்து முதல் தென்முனை வரையான ஆசை, மூன்றாவது ஜெர்மனியின் நான்கு பகுதிகள், இப்படி. 1914இல் ஐரோப்பியர் கைக்குப் போகாமல் நின்றவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டுமே என்பதற்குத் தனி அட்டை. எத்தியோப்பியா எப்படித் தப்பியது என்பதற்கு இன்னொன்று: 1896இல் அடுவாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்தது. காங்கோ 1908 வரை பெல்ஜியத்தின் உடைமையாக இல்லாமல் மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்தது. தேர்வர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

1919க்குப் பின்னான ஐரோப்பாவுக்கு இரண்டு வரைபடம் வேண்டும்: முன், பின். ஆஸ்திரியா-ஹங்கேரி இருந்த இடத்தில் பென்சிலால் ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியாவை நீங்களே வரைந்து, மிச்சம் போலந்து, ருமேனியா, யூகோஸ்லாவியா, இத்தாலி என்று யாருக்குப் போனது என்பதைச் சொல்லிப் பாருங்கள். கோடு கோணலாக இருக்கலாம். எது எதற்குப் பக்கத்தில் என்பது சரியாக இருந்தால் போதும்.

அட்டையில் எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் 15 மதிப்பெண் விடை எழுதினால் துணுக்குத் தொகுப்பு மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.
(அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படிக்கும் தேர்வர், கோட்டூர்புரம்)

அட்டை தகவலைத்தான் தரும். அதைக் கோப்பது தனிப் பயிற்சி, வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். "1929 பெருமந்தம் ஹிட்லர் ஆட்சிக்கு வர எப்படி வழிவகுத்தது?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஐந்து அட்டையை வரிசையாக வையுங்கள்: 1924 முதல் ஜெர்மனி அமெரிக்கக் கடனில் நிமிர்ந்தது, 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து கடன் திரும்பப் பெறப்பட்டது, 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் ஏறக்குறைய 60 லட்சம், நாஜிக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 1928இல் 12 இடம், 1930இல் 107, 1932 ஜூலையில் 230, 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் தலைமை அமைச்சர்.

இப்போது ஒவ்வொரு இரண்டு அட்டைக்கும் நடுவே விரலை வைத்து, "இதனால் அது ஏன்?" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே பலர் திணறுவார்கள். 1932 நவம்பரில் நாஜிகளின் இடங்கள் 196 ஆகக் குறைந்தன. குறைந்த பிறகுதான் ஹிட்லருக்குப் பதவி வந்தது. அப்படியானால் வாக்குகள் மட்டும் காரணமாக இருக்க முடியாது: கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி, பாப்பன் போன்ற பழமைவாதத் தலைவர்கள் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார்கள். விடையை மற்றவர்களின் விடையிலிருந்து உயர்த்திக் காட்டும் வரி இதுதான். எந்த இணைப்பு வாயில் வரவில்லையோ அது உங்கள் அடுத்த புதிய அட்டை.

பிறகு அட்டைகளைக் கவிழ்த்துவிட்டு 250 சொல்லில் எழுதுங்கள், கடிகாரம் ஓடட்டும். மூன்று மணி நேரத்தில் பத்து மதிப்பெண் கேள்வி பத்து, பதினைந்து மதிப்பெண் கேள்வி பத்து. சிறியதற்கு ஏழு நிமிடம், பெரியதற்குப் பதினொன்று என்றால் 180 நிமிடம் சரியாகத் தீரும். அந்தப் பதினொன்றில் முதல் ஒன்றரை நிமிடத்தை இணைப்புகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளச் செலவிடுங்கள். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிய அட்டை எழுதுவதை நிறுத்திவிட்டு, தவறுகிறவற்றையும் இந்த எழுத்துப் பயிற்சியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.